மீன் தராசில் இரண்டு லென்ஸ்

நேற்று இந்தக் கொக்கியில் ஹாடக் மீன் தொங்கியது.
இன்று துணிப்பையில் போட்டு மாட்டினேன்
என் அறுநூறு மில்லிமீட்டரை.
முள் நடுங்கி நின்றது:
மூன்று கிலோ எண்ணூறு.
கேமராவும் சேர்ந்தால் ஐந்தை நெருங்கும்.
முக்காலி தனி.

"பிறந்தபோது நம் லோவ்ரிகூட இவ்வளவு இல்லை"
என்றாள் ரோனா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி.
"அவனை நீ இவ்வளவு நேரம் தூக்கியதும் இல்லை."

யெல் தீவுப் படகில்
இருபத்தாறு வருடம் கயிறு இழுத்த தோள் இது.
லெர்விக் மருத்துவமனையில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர்
தசைநாரில் கிழிசல் என்றார்,
என்ன தூக்குகிறீர்கள் என்று கேட்டார்.
கயிறு என்றேன்.
லென்ஸைச் சொல்லவில்லை.

காலையும் இரவும் வலிக்கு ஒரு மாத்திரை.
ஒரு மாத்திரைப் பொழுதை ஆயிரமாய் நறுக்கி
அதில் ஒரு துண்டுக்கு ஆசைப்படுகிறவனுக்கு
இது வேண்டியதுதான்.

அபர்டீனிலிருந்து இரவுக் கப்பலில் வந்தது மற்றது.
வேறொருவர் வைத்திருந்தது;
மூடியின் உள்விளிம்பில் அவர் விரல்ரேகை
இன்னும் இருந்தது.
ஐந்நூறு. கொக்கியில் மாட்டினேன்.
ஒன்றரைக்குச் சற்றுக் கீழே:
குடல் எடுத்த ஒரு நடுத்தரக் காட் மீன்.

நூறு மில்லிமீட்டர் போனது. போகட்டும்.
பாதி வெளிச்சமும் போனது. அதுதான் உறுத்தியது.
டிசம்பரில் இங்கே சூரியன்
வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக்
கிளம்பிவிடும்.
அந்த ஆறு மணி நேரத்திலும்
பாதியைக் கழித்துக்கொண்டால் என்ன மிஞ்சும்?
மின்கட்டண உறையின் பின்னால் கணக்குப் போட்டேன்,
அடித்தேன், போட்டேன்.
எந்தக் கூட்டலிலும் ஒன்று மட்டும் இடித்தது:
துறைமுகத்தில் அந்தப் பெரிய குழாயோடு நான் இறங்கினால்
சுற்றுலாக்காரர்கள் வழிவிடுவார்கள்.
கழுத்தில் தொங்கினாலும்
அதன் பெயர் தலைக்கனம்தான்.

நீர்நாயிடம் போகும் முறை இது.
அது மூழ்கினால் ஓட வேண்டும்.
எழுந்தால் கல்லாக வேண்டும்.
இருபது எண்ணுவதற்குள்
பாசி, வழுக்கல், முழங்கால், அடுத்த பாறை.
அந்த இருபதுக்குள் முக்காலியை விரித்து முடித்தவர்
இந்தத் தீவில் யாருமில்லை.
நான் மூன்று குளிர்காலம் விரித்துக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை. காற்று என் முகத்துக்கு நேரே.
மூழ்கியது. ஓடினேன்.
பதினாறில் விழுந்து படுத்தேன்.
எழுந்தது, வாயில் நண்டோடு.
நான்கு துடுப்பு நீளத்தில் பாறையேறி உட்கார்ந்தது.
நண்டின் கால் முறியும் சத்தம் எனக்குக் கேட்டது.

லென்ஸைத் தூக்கினேன். தோள் ஒன்றும் சொல்லவில்லை.
ஆனால் நீர்நாய் குதித்துக்கொண்டிருந்தது,
சட்டகத்துக்குள், ஒரே சீராக.
அது அசையாமல் தின்றுகொண்டிருந்தது.
குதித்தது என் நாடி.
இத்தனை நாள் அந்தக் கனம்
அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறது;
நான் என் கை உறுதி என்று நினைத்திருந்தேன்.

இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு பள்ளம் உண்டு.
அங்கே அழுத்தினேன். தவறினேன். அழுத்தினேன்.

நாற்பது படம். முப்பத்தாறு மங்கல்.
மிச்ச நான்கிலும் மணல் தூவியதுபோல் புள்ளி,
கடன் வாங்கிய வெளிச்சத்துக்கு வட்டி.
ஒன்றில் மட்டும் கண் கூர்மை.
அந்தக் கண்ணுக்குள் கறுப்பாய் ஏதோ,
பாறைமேல் குப்புறப் படுத்தபடி.
ரோனா பெரிதாக்கிப் பார்த்தாள்.
"சட்டை நனைந்திருக்குமே" என்றாள்.

பழையதை அன்ஸ்ட் தீவின் கிபி மவாட் வாங்கிக்கொண்டான்.
அவனிடம் மறைவுக் குடில் இருக்கிறது,
பகலெல்லாம் ஒரே ஜன்னலில் உட்காருவான்.
படகுத் தளத்தில் அவன் கார்வரை
நான்தான் தூக்கிப் போனேன்,
டாக்டர் கூடாது என்ற கையால்.

முக்காலி வாசலில் நிற்கிறது.
மழைக்கோட்டு அதில் காய்கிறது.